வெட்டுகிற கை

என் வீட்டு வாசலில் ஒரு மரம் நிற்கிறது. அதை மரம் என்று சொன்னால் அடுத்த வீட்டு வேம்பு சிரிக்கும், அவ்வளவு சிறியது. நம் பூமருதுக்கு இது தங்கை முறை. ஆங்கிலத்தில் கிரேப் மிர்ட்டில் என்பார்கள். கிரேப் துணியைக் கசக்கி விரித்தாற்போல் சுருக்கம் விழுந்த ஆறு இதழ்கள். நெடுநாள் பூப்பதால் சீனர் இதற்கு 'நூறு நாள் சிவப்பு' என்று பெயர் வைத்தனர். பட்டை உரிந்து அடிமரம் வழவழவென்று இருப்பதால், குரங்கும் வழுக்கும் மரம் என்பது ஜப்பானியர் வைத்த பெயர். 1759-இல் லின்னேயஸ் தம் நண்பர் லாகர்ஸ்ட்ரோமின் பெயரை இதன் இனத்துக்குச் சூட்டினார்.

இத்தனை பேர் கொண்டாடிய மரம், என் வீட்டில் இரண்டு வருஷம் ஒரு மொட்டுக்கூட விடவில்லை.

"எருவைக் குறையுங்க ஐயா, இலைதான் பெருகும். நுனியைக் கொஞ்சம் வெட்டி விடணும். புதுக் கிளையிலேதான் இது பூக்கும்" என்றார் தோட்டக்காரப் பெரியவர். தை மாதம் அவரே வெட்டினார். கோடையில் மரம் பூத்துக் குலுங்கியது.

ஆசை யாரை விட்டது? கொஞ்சம் வெட்டினால் இத்தனை பூ என்றால், நிறைய வெட்டினால்? அடுத்த தையில் நானே ரம்பத்தை எடுத்து, மார்பு உயரத்தில் எல்லாத் தண்டுகளையும் அறுத்துத் தள்ளினேன். சாட்டை சாட்டையாகக் கிளைகள் கிளம்பின. பெரிய பெரிய கொத்துகள் பூத்தன. ஒரு மழை பெய்தது. கொத்தின் பாரம் தாங்காமல் கிளைகள் தரையில் சரிந்தன.

விடுமுறைக்கு வந்திருந்த என் மகள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "மரத்தையும் உங்களுக்குப் பிடித்த உயரத்தில் நிறுத்திவிட்டீர்களா, அப்பா?"

அந்த 'உம்' என்னைச் சுட்டது. பள்ளி முடித்ததும் ஓவியம் படிக்க வேண்டும் என்று கேட்டவள் அவள். "உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன்" என்று கணக்குப் படிப்பில் சேர்த்தவன் நான். இன்று வங்கியில் நல்ல வேலை, நல்ல சம்பளம். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதனால்தான் அந்தக் கேள்வி அதிகமாகச் சுட்டது.

பரிகாரம்போல் அடுத்த வருஷம் மரத்தைத் தொடவே இல்லை. அடியில் கன்றுகள் அடர்ந்து, காற்று நுழைய வழியின்றி, இலைகளில் வெள்ளைச் சாம்பல் படர்ந்தது. விலகி நிற்பதும் அன்பாகிவிடாது என்று தெரிந்தது.

அப்படியானால் வெட்டுவது குற்றமா, வெட்டாமல் இருப்பது குற்றமா? காய்ந்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, அடியில் நெருக்கும் கன்று — இவற்றை வெட்டுவது மரத்துக்காக. உயரத்தை வெட்டியது எனக்காக. ஆனால் கையில் ரம்பம் இருக்கும்போது இரண்டும் ஒன்றாகவே தோன்றுகின்றன! 'உன் நன்மைக்கு' என்பதை நான் பொய்யாகச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னேன். மரத்துக்கு வாய் இல்லை, மகளுக்கு இருந்தது. நான்தான் கேட்கவில்லை.

நான் அறுத்த இடங்களில் இன்னும் முடிச்சுகள் புடைத்து நிற்கின்றன. பட்டை எத்தனை முறை உரிந்தாலும் அவை மறைவதில்லை. அவற்றுக்கு மேலேதான் இப்போது பூக்கிறது.

சென்ற மாதம் மகளுக்கு ஒரு வரி எழுதினேன்: 'அம்மா, அன்று உன்னைக் கேட்டிருக்க வேண்டும்.' பதிலாக அவள் அந்த மரத்தை வரைந்து அனுப்பியிருந்தாள். பூக்கள் கொஞ்சம்தான். முடிச்சுகளில் ஒன்றைக்கூட விட்டுவிடவில்லை.