ஷனெலின் சட்டையும் எமது கேள்வியும்

ஒருவருடைய கைவேலையால் ஒரு தலைமுறை நன்மை பெறுகிறது. அதே கை இன்னொருவருடைய உடைமையைப் பறிக்கவும் நீள்கிறது. நன்மையை அனுபவிக்கும் நாம் அந்தக் கையை எப்படி மதிப்பிடுவது? எழுத்தாளர்கள் பற்றியும் தலைவர்கள் பற்றியும் இக்கேள்வியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். உடுப்பு விடயத்தில் மட்டும் கேட்பதில்லை. அது அற்பமானது என்ற எண்ணம் எம்மிடையே உண்டு.

கபிரியேல் ஷனெலை எடுத்துக்கொள்வோம். 1883 இல் பிரான்சின் சோமூர் நகரில் ஏழைக் குடும்பமொன்றில் பிறந்தவர். தாய் இறந்தபின் கன்னியர் மடத்து அநாதை இல்லத்தில் வளர்ந்தார். 1910 இல் பாரிஸ் கம்போன் வீதியில் தொப்பிக் கடை திறந்தார். முதலாம் உலகப்போர்க் காலத்தில், பெரும்பாலும் ஆண்களின் உள்ளாடைக்குப் பயன்பட்ட ஜேர்ஸித் துணியில் பெண்களுக்குச் சட்டை தைத்தார். இடுப்பை நெரிக்கும் கச்சு இல்லை. குனியலாம், நடக்கலாம், கையைப் பையினுள் விடலாம். 1926 இல் அமெரிக்காவின் 'வோக்' சஞ்சிகை அவருடைய எளிய கறுப்புச் சட்டையை ஃபோர்ட் காருக்கு ஒப்பிட்டது. துக்கத்துக்கும் பணிப்பெண்ணுக்கும் உரியதெனப் பெரிதும் கருதப்பட்ட கறுப்பு, விருந்துக்குப் போகும் நிறமாயிற்று. பெண்ணுடல் பெற்ற இந்தச் சுகத்தைச் சிறிதென்று நாம் சொல்லமாட்டோம்.

ஆனால் இவ்வளவும் ஒருவரின் சாதனைதானா? கச்சைக் கைவிட்ட உடுப்புகளை அவருக்கு முன்னரே போல் புவாரே வடிவமைத்திருந்தார். ஆண்கள் போர்முனைக்குப் போக, வேலைக்கு வந்த பெண்களுக்கு இலகுவான உடுப்புத் தேவைப்பட்டது. 1921 இல் வந்த 'இலக்கம் 5' வாசனைத் திரவியத்தை ஆக்கியவர் ரஷ்யப் புரட்சியின் பின் பிரான்சுக்கு வந்த ஏர்னெஸ்ற் போ. இருபதுகளில் ஷனெலின் சட்டைகளுக்குப் பூவேலை செய்த 'கிற்மிர்' நிலையத்தை நடத்தியவரும், நாடிழந்து பாரிஸ் வந்த ரஷ்ய இளவரசி மரியா பாவ்லோவ்னா. 1936 இல் ஷனெலின் தையற்பெண்களே வேலைநிறுத்தம் செய்து கடைவாசலில் நின்றார்கள். இத்தனை கைகளையும் ஒரு பெயர் விழுங்கிவிடுகிறது. திருவுரு உருவாகும் விதம் இதுதான்.

இனி மற்றைய கணக்கு. வாசனைத் திரவியத்தை விற்பதற்கென 1924 இல் தொடங்கிய கம்பனியில் வேர்தைமர் என்ற யூதக் குடும்பத்துக்கு 70 வீதமும், ஷனெலுக்கு 10 வீதமும் பங்கு. தாம் ஏமாற்றப்பட்டதாக ஷனெல் நீண்டகாலம் மனங்குமைந்தார். 1940 இல் ஜேர்மனியர் பிரான்சைப் பிடிக்க, வேர்தைமர் குடும்பம் அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்றது. ஷனெல் பாரிஸ் ரிற்ஸ் ஹோட்டலில், ஜேர்மன் அதிகாரி ஒருவரின் துணையுடன் வாழ்ந்தார். 1941 இல், யூதரின் சொத்தைப் பறிக்கும் சட்டத்தைக் காட்டி, அந்தக் கம்பனியைத் தமக்குத் தரும்படி அதிகாரிகளிடம் கோரினார். வேர்தைமர்கள் முன்யோசனையாகத் தமது பங்குகளை யூதரல்லாத பெலிக்ஸ் அமியோவின் பெயருக்கு மாற்றியிருந்தபடியால் அது கைகூடவில்லை.

வீட்டுச் சாவியை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு வெளியேறிய எமக்கு இது வெறும் வரலாற்றுத் துணுக்கு அல்ல. ஓடிப்போனவனின் காணிக்கு உரிமை கேட்டு யார் வருவார், எந்தத் தாளுடன் வருவார் என்பது நாம் அறிந்த பயம்.

"அக்காலச் சூழ்நிலை அப்படி" என்று சிலர் சொல்லக்கூடும். சட்டம் அனுமதித்தது உண்மைதான். ஆனால் அது அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அனுமதிக்கும் கட்டாயத்துக்கும் இடையிலுள்ள அந்த இடைவெளியில்தான் ஒரு மனிதரின் அறம் தெரியவருகிறது. அவருக்குக் கம்பனியோடு உண்மையான பிணக்கு இருந்திருக்கலாம். பிணக்கைத் தீர்க்க எதிராளியின் இனத்தை ஆயுதமாக எடுத்ததே குற்றம்.

அப்படியானால் அந்தப் பெயரையே ஒதுக்கிவிடுவோமா? இங்கே கதை எம்மைத் தடுமாற வைக்கிறது. போருக்குப்பின் பங்குகள் வேர்தைமர்களிடம் மீண்டன. 1947 இல் அவர்கள் ஷனெலுடன் உடன்பாட்டுக்கு வந்து விற்பனையில் அவருக்கும் ஒரு பங்கு கொடுத்தார்கள். 1954 இல் அவர் மீண்டும் தையலகம் திறந்தபோது பணம் கொடுத்தவரும் பியேர் வேர்தைமரே. இன்றும் கம்பனி அக்குடும்பத்தினுடையது. பாதிக்கப்பட்டவனே கைகொடுத்த பிறகு எமக்கென்ன வழக்கு என்று கேட்கலாம். ஆனால் வியாபார உடன்பாடு வேறு, மன்னிப்பு வேறு. மன்னித்திருந்தாலும், மன்னிக்கும் உரிமை அவர்களுடையது. மறக்கும் உரிமையை அது எமக்குத் தருவதில்லை.

ஆகவே எமக்குத் தோன்றுவது இதுதான். கறுப்புச் சட்டையை உடுத்துபவள் 1941 இன் கடிதத்துக்குப் பொறுப்பாளி அல்ல. அந்தச் சட்டை தந்த சுகம், அதைத் தைத்த பெண்களுக்கும் உடுத்து வேலைக்குப் போன பெண்களுக்கும் சொந்தம். ஆனால் ஷனெலின் படத்தைச் சுவரில் மாட்டி அவரை விடுதலையின் உருவமாகக் காட்டும்போது, அக்கடிதத்தையும் பக்கத்தில் வைக்கும்படி கேட்க எமக்கு உரிமை உண்டு. நன்மையைத் தீமையில் கழித்து மிச்சம் சொல்லும் கணக்கு அறத்தில் இல்லை. இரண்டையும் முழுத்தொகையாகவே எழுதிவைக்க வேண்டும். உடுப்பு விடயத்தில் இதைப் பழகிக்கொண்டால், நாம் மாலை போடும் மற்றப் படங்களின் முன்னாலும் அதே கேள்வியைக் கேட்கும் துணிவு வரலாம்.