நிறுத்தும் உரிமை யாரிடம்?

வேலை வாய்ப்பைப் பற்றி எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் இப்போதெல்லாம் ஒரே கேள்விதான்: "ஏஐ வந்து நம்ம வேலையைப் பிடுங்கிக்குமா?" நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு கேள்வி இருக்கிறது. இயந்திரம் வந்த பிறகும் வேலையில் இருக்கப் போகிறவர் என்ன நிலையில் இருப்பார்? இயந்திரத்தோடு சேர்ந்து வேலை செய்வாரா, இல்லை, அது தப்புச் செய்தால் ஏச்சு வாங்குவதற்காக மட்டும் உட்கார்ந்திருப்பாரா?

நம் நாட்டில் நடக்கிற ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். பினாங்கு, பாயான் லெப்பாஸில் 1972-இல் தடையற்ற வர்த்தக மண்டலம் தொடங்கிய காலத்தில், மின்னியல் தொழிற்சாலைகளில் பெண்கள் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு ஷிப்ட் முழுக்க வேலை செய்தார்கள். இன்று சர்க்கியூட் போர்டைப் பார்ப்பது கேமரா. ஏ.ஓ.ஐ. என்று சொல்லப்படும் இயந்திரம் ஒவ்வொரு போர்டையும் படம் பிடித்து, சரியான போர்டு எப்படி இருக்க வேண்டும் என்பதோடு ஒப்பிட்டு, சந்தேகமான இடத்தைச் சுட்டிக் காட்டும். அங்கே ஓர் ஆப்பரேட்டர் திரையைப் பார்த்து, இது உண்மையிலேயே கோளாறா, இல்லை வீண் எச்சரிக்கையா என்று முடிவு செய்ய வேண்டும்.

மனிதனும் இயந்திரமும் கூட்டாக வேலை செய்வதற்கு நல்ல உதாரணம் மாதிரி தெரிகிறது, இல்லையா? கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். கோளாறு எதுவும் தப்பிவிடக் கூடாது என்பதற்காக இயந்திரத்தைக் கடுமையாக அமைத்திருப்பார்கள். ஈயப்பற்று கொஞ்சம் பளபளத்தாலே அது எச்சரிக்கை கொடுக்கும். ஆப்பரேட்டர் வரிசையாக 'ஓகே, ஓகே' என்று அழுத்திக்கொண்டே போவார். லைன் ஓடிக்கொண்டே இருக்கும், டார்கெட் தலைக்கு மேல் நிற்கும். அப்படி நூறு 'ஓகே'க்குப் பிறகு ஒரு நிஜமான கோளாறு வந்தால், கண் அதைப் பார்ப்பதற்கு முன்பே விரல் அழுத்தியிருக்கும். வாடிக்கையாளர் புகார் செய்ததும் முதலில் வரும் கேள்வி, "யாரு ஓகே கொடுத்தது?" கணினியில் அவருடைய எண் பதிவாகி இருக்கிறது. இயந்திரத்துக்கு அந்த அளவைப் போட்டுக் கொடுத்தவர் யார், லைன் வேகத்தை முடிவு செய்தவர் யார் என்று அவ்வளவு சீக்கிரம் யாரும் கேட்பதில்லை.

இது புதுப் பிரச்சினை இல்லை. லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983-லேயே தானியங்கி முறையின் முரண்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சுலபமான வேலையை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு, அது தடுமாறும் நேரத்தை மட்டும் மனிதனிடம் விடுகிறோம். ஆனால் தினமும் செய்து பழகாததால் அவனுடைய திறமை அதற்குள் மங்கிப் போயிருக்கும். எதுவுமே நடக்காத ஒன்றை மணிக்கணக்கில் உற்றுப் பார்த்துக்கொண்டே இருப்பதும் மனித மனத்தால் முடியாத காரியம். தியானத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை!

இதன் விலை எவ்வளவு பெரிது என்பதை 2018 மார்ச் 18 இரவு அமெரிக்காவில் பார்த்தோம். அரிசோனா மாநிலத்தின் டெம்பி நகரில், ஊபர் நிறுவனம் சோதித்துக்கொண்டிருந்த தானியங்கிக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்ணை மோதியது. அவர் இறந்துபோனார். மோதுவதற்கு 5.6 விநாடிக்கு முன்பே காரின் கருவிகள் அவரைக் கண்டுவிட்டன. ஆனால் கண்டது என்ன என்பதைத்தான் மென்பொருள் மாற்றி மாற்றிக் கணித்தது. காரில் கண்காணிப்பாளராக இருந்தவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவருடைய தவறு, சந்தேகமில்லை. ஆனால் காருக்கு இரண்டு பேர் என்று இருந்ததை ஒருவராகக் குறைத்தது நிறுவனம். கார் தயாரிப்பாளர் பொருத்தியிருந்த அவசர பிரேக் வசதி, கணினி ஓட்டும்போது வேலை செய்யாதபடி அணைக்கப்பட்டிருந்தது. விசாரணை அறிக்கை நிறுவனத்தின் பாதுகாப்புக் குறைகளையும் எடுத்துச் சொன்னது. கடைசியில் குற்றவியல் வழக்கைச் சந்தித்தவர் அந்தக் கண்காணிப்பாளர் மட்டும்தான். நிறுவனத்தின் மேல் அப்படி ஒரு வழக்கு இல்லை.

இங்கேதான் நம் சமயம் நமக்குச் சொல்லித் தந்த ஒரு விஷயம் உதவுகிறது. வினை என்று ஒன்று இருந்தால் அதைச் செய்தவன் ஒருவன் இருக்க வேண்டும். அவனைத்தான் கர்த்தா என்கிறோம். இயந்திரத்துக்கு ஆசை இல்லை, அச்சம் இல்லை, மனசாட்சியும் இல்லை. அதற்கு வினைப்பயன் எப்படி ஒட்டும்? ஆகவே அந்தப் பயன் யாராவது ஒரு மனிதனிடம்தான் வந்து சேரும். யாரிடம் வர வேண்டும்? உண்மையிலேயே முடிவெடுக்கும் சக்தி யாரிடம் இருந்ததோ அவரிடம். சக்தியை மேலே வைத்துக்கொண்டு பழியை மட்டும் கீழே இறக்கி விடுவதை அதர்மம் என்றுதான் சொல்ல வேண்டும்.

கீதையின் காட்சியை நினைத்துப் பாருங்கள். இரண்டு சேனைகளுக்கும் நடுவே தேரை நிறுத்தச் சொல்கிறான் அர்ஜுனன். கண்ணன் நிறுத்துகிறான். யுத்தம் தொடங்கும் நேரம். ஆனாலும் அர்ஜுனனுடைய கேள்விகள் தீரும் வரை தேர் நகரவில்லை. 18 அத்தியாயங்கள் முடியும் தறுவாயில், எல்லாம் அறிந்த கண்ணன், நன்றாக யோசித்து உன் முடிவை நீயே எடு என்ற பொருளில்தான் பேசுகிறான். கடவுளை இயந்திரத்தோடு ஒப்பிட இதைச் சொல்லவில்லை. ஒருவனைக் கர்த்தாவாக ஆக்க வேண்டுமென்றால் அவனுக்கு என்னென்ன கொடுக்க வேண்டும் என்பது அங்கே இருக்கிறது: நிறுத்தும் உரிமை, யோசிக்க நேரம், வேண்டிய அறிவு.

இது தொழிற்சாலைக்குச் சரிப்பட்டு வருமா? வந்திருக்கிறது. ஜப்பானின் சகிச்சி டொயோடா 1924-இல் உருவாக்கிய தானியங்கி நெசவுத் தறி, நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும். பிறகு டொயோட்டா கார் தொழிற்சாலைகளில் லைனுக்கு மேலே ஒரு கயிறு கட்டினார்கள். கோளாறைப் பார்க்கும் எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். குழுத் தலைவர் ஓடி வருவார்; குறித்த நேரத்துக்குள் சரிசெய்ய முடியாவிட்டால் லைன் நிற்கும். இந்த முறையை 'ஜிடோகா' என்பார்கள். தானியங்கி என்று பொருள்படும் ஜப்பானியச் சொல்லின் ஓர் எழுத்தில், 'மனிதன்' என்ற குறியைச் சேர்த்து இதை எழுதுகிறார்கள்.

"லைன் நின்னா நஷ்டம்தானே? மனுஷனும் தப்புப் பண்றவன்தானே?" என்று கேட்கலாம். இரண்டும் உண்மை. பல வேலைகளில் மனிதக் கண்ணைவிடக் கேமரா மேல். அப்படியானால் அந்த முடிவை இயந்திரத்திடமே கொடுங்கள். கூடவே, பொறுப்பு எங்களுடையது என்று நிர்வாகமும் பொறியியலாளரும் கையெழுத்துப் போடட்டும். அதில் நேர்மை இருக்கிறது. பார்ப்பதற்கு நேரம் கொடுக்காமல், பெயருக்கு ஓர் ஆளை உட்கார வைப்பதில்தான் நேர்மை இல்லை.

நண்பர்களே, நம்மில் பலர் நாளைக்கு இந்த இடங்களில் வேலை பார்க்கப் போகிறோம். சிலர் அவற்றை வடிவமைக்கவே போகிறோம். ஆயுத பூஜைக்கு இயந்திரத்துக்குப் பொட்டு வைக்கிறோம், மாலை போடுகிறோம். நல்ல பழக்கம். அதன் பக்கத்தில் நிற்கிற அக்காவுக்கும் நாம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கை மாட்டிக்கொண்டால் அழுத்துவதற்கு இயந்திரத்தில் சிவப்புப் பொத்தான் இருக்கும். 'எனக்குச் சந்தேகமா இருக்கு' என்று அவர் அழுத்துவதற்கு ஒரு பொத்தான் இருக்கிறதா? அழுத்தினால் அவருக்குத் திட்டு விழுமா, நன்றி கிடைக்குமா? வரைபடத்தில் நம் பெயரைப் போடுவதற்கு முன் இந்த இரண்டையும் கேட்டுவிடுவோம்.