தயையும் கூலியும்

அருப்புக்கோட்டைக்கு அணித்தான பாலவனத்தம், வானம் பார்த்த கரிசற் பூமியில் அமைந்த ஒரு சிறு ஜமீனேயாயினும், அதன் அதிபராயிருந்த பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியதனால் அவ்வூரின் பெயர் தமிழ் கற்றோர் நாவில் நிலைத்துவிட்டது. அவரே 1906-இல் தோன்றிய சுதேசிக் கப்பல் கம்பெனிக்குத் தலைவராயும் விளங்கினார் என்பது, தமிழ் மேடைகளில் அவ்வளவாகப் பேசப்படாத செய்தி. அக்கம்பெனியின் உதவிக் காரியதரிசியான வ. உ. சிதம்பரம் பிள்ளை, இரண்டாண்டு கழிவதற்குள் தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளரைத் திரட்டி வேலைநிறுத்தம் செய்வித்தார். ஒருவர் கொடுத்துச் சிவந்த கையினர். மற்றவர் ஏழைகளுக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்தவர். இருவரும் ஒரே கம்பெனியில் அருகருகே அமர்ந்திருந்ததை எண்ணும்போது, தொழிலாளியின் நலம் யஜமானனுடைய தயையால் விளைவதா, தொழிலாளர் கூடிக் கேட்பதால் விளைவதா என்ற வினா எழுகிறது. இது வெறும் கூலிக் கணக்கன்று. ஆன்மாவைப் பற்றிய விசாரணையுமாகும்.

1908 பிப்ரவரி 27-இல் தொடங்கிய அவ்வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகள் மிக எளியவை: கூலியைக் கூட்ட வேண்டும், வேலை நேரத்தைக் குறைக்க வேண்டும், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும். மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இணங்கியது. சில நாட்களில், மார்ச் 12-இல், சிதம்பரம் பிள்ளை சிறைப்பட்டபோது அதே தொழிலாளர் மீண்டும் வேலையை விட்டு வெளியேறினர். அம்முறை தமக்கென அவர்கள் எதுவும் கேட்கவில்லை. தம் கூலிக்காகச் சில நாள் ஒன்றாய் நின்ற மனிதர், அவ்வாறு நின்றதனாலேயே பிறர்பொருட்டும் நிற்கவல்லவராகிவிட்டனர். நலத்தை உணவு, உறக்கம், மருந்து என்று மட்டும் அளப்போர் இம்மாற்றத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவரோ, அறியேன்.

வறுமையும் கடும் உழைப்பும் முன்வினைப் பயன், அதைப் பொறுமையோடு நுகர்ந்து கழிப்பதே ஆன்மாவுக்கு நன்மை என்று உபதேசிக்கும் பெரியோர் உண்டு. அவர் கூற்று சைவ சித்தாந்தத்துக்கு முற்றும் புறம்பானதென்று சொல்ல மாட்டேன். சிதம்பரம் பிள்ளையும் அச்சித்தாந்தத்தில் ஊறியவரே, பிற்காலத்தில் சிவஞான போதத்துக்கு உரை கண்டவரே. ஆயினும் அம்முன்வினைப் பயனாகிய பிராரப்தம் என்பது, ஒருவன் தன் துன்பத்தைத் தாங்குவதற்குத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளத்தக்க சமாதானம். பிறன் துன்பத்தைச் சுட்டி, 'அது அவன் வினை' என்று கூறிச் சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொள்பவன் அத்தத்துவத்தைக் களவாடியவனாகிறான். வேலையை நிறுத்தத் துணிந்த மனமும் வினைவழி வந்ததுதானே என்றால், இப்பெரியோர் பேச்சை மாற்றிவிடுவர்.

மதுரையைச் சூழ்ந்த இந்நாட்டார்க்கு இவ்விஷயத்தில் ஒரு பழைய பிரமாணம் உண்டு. அது பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடல். உடைந்த வையைக் கரையை அடைக்க வீட்டுக்கு ஒரு பங்கு அளந்துவிடப்பட, ஆள்துணையற்ற கிழவி வந்தியின் பங்கை, உதிர்ந்த பிட்டே கூலி என்று பேசிக்கொண்டு ஒரு கூலியாள் ஏற்கிறான். அன்று அவித்த பிட்டெல்லாம் உதிர்ந்தே போயிற்று என்பது கதை சொல்வோர் மகிழ்ந்து நிற்கும் இடம். அவன் உண்டான், பாடினான், ஆடினான், உறங்கினான். கரை மட்டும் அடைபடவில்லை. கண்காணிகள் அரசனிடம் சொன்னது பொய்யன்று. பாண்டியன் பிரம்பெடுத்ததும் அக்கால ஆளுகை முறைக்கு மாறானதன்று. இருந்தும், கூலியாளாய் வந்த ஈசன்மேல் பட்ட அவ்வடி அடித்தவன் முதுகிலும், அரசி அமைச்சர் முதுகிலும், சகல ஜீவராசிகளின் மேலும் விழுந்தது. சோம்பலைத் தெய்வமாக்குவது இக்கதையின் கருத்தென்று கொள்ளற்க. ஏவலாளின் உடம்பு தன்னிலிருந்து அறுபட்ட வேறொரு பொருள் என்று எண்ணி நடத்தும் நிர்வாகம், எவ்வளவு ஒழுங்குடையதாயினும், மெய்ப்பொருளைப் பற்றிய அஞ்ஞானத்தின்மேல் எழுந்தது என்பதே நான் கொள்ளும் பொருள். கிழவிக்கும் கூலியாளுக்கும் இடையே பேசி முடித்த கூலியில் யாதொரு வழக்கும் எழவில்லை என்பதும் நோக்கத்தக்கது.

1918 ஏப்ரல் 27-இல் பிறந்த சென்னைத் தொழிலாளர் சங்கமும் ஒரு பக்தி சபையின் மடியில் வளர்ந்ததே. பெரம்பூரில் செல்வபதி செட்டியாரும் இராமாநுஜுலு நாயுடுவும் நடத்திய ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபைக்கு உபந்நியாசம் கேட்க வந்த பின்னி மில் தொழிலாளர், மேலதிகாரிகளின் கடுமையையும், நடுப்பகலில் சோறு உண்ண நேரம் போதாமையையும் அங்கேயே சொல்லி ஆறினர். பி. பி. வாடியாவும் திரு. வி. கலியாணசுந்தரனாரும் துணைவர, குறைகேட்பு சங்கமாயிற்று. காந்தியடிகளோ முதலாளி தன் செல்வத்துக்குத் தர்மகர்த்தாவாக இருக்க வேண்டும் என்றார். உயர்ந்த கருத்துத்தான், ஆனால் கோயில் நிலத்தைத் தன் நிலமாகவே உழுதுண்ட தர்மகர்த்தாக்களை நாம் அறிவோம். அவர்களைக் கணக்குக் கேட்கச் சென்னை மாகாணத்தில் 1925-இல் அறநிலைய வாரியம் வேண்டியிருந்தது. மறு ஆண்டே இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. கோயிலுக்கே கணக்குக் கேட்பவர் தேவையாயின், மில்லுக்கு வேண்டாவோ?

இனி, இவ்வறண்ட சீமையின் பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுமங்கலித் திட்டம் என்னும் மங்கலப் பெயரோடு பரவிய ஏற்பாட்டின்படி, தென்மாவட்டங்களின் ஏழைப் பெண்கள் வடக்கேயுள்ள நூற்பாலைகளின் விடுதியில் ஏறக்குறைய மூன்றாண்டு தங்கி உழைத்தால், முடிவில் கல்யாணச் செலவுக்கென ஒரு தொகை கிடைக்கும். நடுவில் நோயாலோ மனம் நொந்தோ வெளியேறினால் அது கைக்கு வருவது அரிது. சீர்போல் தரப்படும் அத்தொகை அவள் கூலியிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டதே. தனக்கு உரியதை மூன்றாண்டு பொறுத்துப் பெற்றுக்கொண்டு, அதற்காக நன்றியும் சொல்ல வேண்டிய நிலையில், அவள் இழப்பது பணத்தைவிடப் பெரியது. தன் உழைப்புத் தன்னுடையது என்ற எண்ணத்தையே இழக்கிறாள். அருள் செய்யும் அதிகாரம் ஈசனுடையது. அதை மில் நிர்வாகி எடுத்துக்கொள்வதில் ஒருவகை தெய்வ நிந்தையும் உண்டு. சங்கங்களையும் இங்கே விட்டுவிடுவதற்கில்லை. அவற்றுள் பல, நிரந்தரத் தொழிலாளரின் போனஸ் பேச்சிலும், கொடிக்கம்பம் எங்கே நடுவது என்ற சச்சரவிலும் ஆண்டைக் கழிக்கின்றன. விடுதி வாயிலைக் கடந்து உள்ளே சென்று அப்பெண்களோடு அமர்ந்து பேச அனுமதி கேட்டு நின்றவை மிகச் சிலவே.