புகட்டுவதும் குடிப்பதும்

அக்கா மகன் 30 வாரத்திலேயே பிறந்துவிட்டான். எடை 1,300 கிராம். நரிக்குடியில் விசாரித்தவர்களிடம் எல்லாம் "பொட்டியில வச்சிருக்காங்க" என்று சொன்னோம். மூன்று வாரம் கழித்து அவனைத் தாயோடு வைத்தார்கள். துணைக்கு இருந்த அப்பத்தா என்னிடம் கேட்டது: "ஏத்தா, பசிச்சா இவன் அழக்கூட மாட்டேங்கிறானே?"

அழத் தெம்பில்லை. சப்புவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் மோதாமல் மாற்றி மாற்றிச் செய்யும் திறன் கிட்டத்தட்ட 34 வாரத்தில்தான் கூடிவரும். அதுவரை சன்னமான குழாய் வழியாகத் தாய்ப்பால் நேராக வயிற்றுக்கு இறங்கும். இடையில் பாலாடையில் பழக்குவார்கள். நம் வீட்டுப் பாலாடைதான், இன்று பச்சிளங்குழந்தை வார்டுகளிலும் இருக்கிறது.

சிஸ்டர் அவனைத் தலை நிமிர்த்திப் பிடித்து, பாலாடை முனையை உதட்டோரம் வைத்துச் சில சொட்டு விடுவார். விழுங்கும்வரை காத்திருப்பார். நாக்கை நீட்டினால் இன்னும் கொஞ்சம். முகத்தைத் திருப்பினாலோ விரல்களை விரித்தாலோ நிறுத்திவிடுவார். மீதி குழாயில் போகும்.

அப்பத்தாவுக்குப் பொறுக்கவில்லை. "எத்தன புள்ளைக்குப் புகட்டியிருக்கேன்." ஒரு ராத்திரி அவளே சாய்த்து ஊற்றினாள். புரையேறி உதடு நீலம் பாரித்தது. சிஸ்டர் ஓடிவந்து சரிசெய்தார். இரண்டு நாள் அப்பத்தா பாலாடையைத் தொடவில்லை.

அன்று அவள்மீது எனக்குக் கோபம். குழந்தையின் மறுப்பை மதிக்கத் தெரியவில்லையே என்று. பிறகு யோசித்தேன். குழாய் மட்டும் அவனிடம் சம்மதம் கேட்டா இறங்கியது? அவன் வேண்டாம் என்றாலும் அவனைப் பட்டினி போடாமல் அது பார்த்துக்கொண்டது. அதனால்தான் எங்களால் பொறுமையாக இருக்க முடிந்தது. ஒருவரின் 'வேண்டாம்' என்ற சொல்லை மதிக்க நல்ல மனது மட்டும் போதாது. அந்தச் சொல்லுக்கான விலையை வேறு ஏதோ ஒன்று ஏற்கவும் வேண்டும்.

அப்பத்தாவுக்கு அப்படி ஒரு குழாய் வாய்த்ததே இல்லை. வானம் பார்த்த பூமி. வயிற்றுக்குள் போனதுதான் கணக்கு. திருப்பிய முகத்துக்காகக் காத்திருந்தால் பிள்ளை தங்காது என்பது அவள் கற்ற பாடம். அவளுடையது அறியாமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் காத்திருக்க வழி இருக்கும்போதும் அவசரப்பட்டால், அது நம் பயத்துக்கு ஊட்டுவதுதான், குழந்தைக்கு அல்ல.

35வது வாரம் அவன் முலையைப் பற்றினான். நாலு சப்பு, ஒரு ஓய்வு. அப்பத்தா கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தாள்.

"நிறுத்திட்டானே. போதும்ங்கிறானா, மூச்சு வாங்குறானா?"

கேட்டுவிட்டு, பதிலுக்கு அவன் முகத்தையே பார்த்தாள்.