நோயாளியிடம் சொல்வதா, மறைப்பதா?

புற்றுநோய் என்று உறுதியானதும் அந்தச் செய்தி முதலில் யார் காதுக்குப் போகிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். தமிழ்நாட்டில் பெரும்பாலும் மகனுக்கோ மருமகனுக்கோ போகிறது. பயாப்சி முடிவு வரும் நாளில் நோயாளியை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, ரிப்போர்ட் பையுடன் வீட்டு ஆள் ஒருவர் மட்டும் மருத்துவரின் அறைக்குள் நுழைவார். “அப்பாகிட்ட சொல்லிடாதீங்க சார், அல்சர்னுதான் சொல்லி வச்சிருக்கோம். தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாரு.” புற்றுநோய் மருத்துவர்களுக்கு இது பழகிப்போன வேண்டுகோள். பாசத்தில் சொல்லும் பொய் என்பதில் சந்தேகமில்லை. ஆனால், அந்தப் பொய்யைச் சொல்லும் உரிமை வீட்டாருக்கு உண்டா?

உண்டு என்பவர்களின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. நோயைத் தாங்க உடலில் தெம்பு வேண்டும். பயத்திலேயே பாதி உயிர் போய்விட்டால் மருந்து எதற்கு? மேலும், இங்கே மருத்துவச் செலவு, ஆஸ்பத்திரி அலைச்சல், ராத்திரி கண்விழிப்பு எல்லாம் குடும்பத்தின் தலையில். சுமையைச் சுமப்பவர்கள் முடிவையும் எடுப்பதில் என்ன தவறு என்று அவர்கள் கேட்கிறார்கள். திருக்குறளின் வாய்மை அதிகாரமே இவர்களுக்குத் துணை நிற்பதுபோலத் தோன்றும். குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்பது 292ஆம் குறளின் கருத்து. கொலைகாரன் வந்து கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்று 1797இல் எழுதிய ஜெர்மன் தத்துவ அறிஞர் இமானுவேல் காண்ட் இதற்கு நேர் எதிர்முனை. நோயாளியின் கட்டிலருகே நிற்பவருக்குக் காண்ட்டைவிட வள்ளுவர்தான் உதவுவார். ஆனால் வள்ளுவர் போட்ட நிபந்தனை கடுமையானது. விளையும் நன்மையில் மாசு இருக்கக் கூடாது. வீட்டுப் பொய் அந்தத் தேர்வில் தேறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இது கீழைநாட்டு வழக்கம், மேலைநாட்டில் எல்லாவற்றையும் நேரடியாகச் சொல்லிவிடுவார்கள் என்ற பேச்சு பாதிதான் உண்மை. 1961இல் சிகாகோ மருத்துவமனை ஒன்றின் மருத்துவர்களிடம் டொனால்ட் ஓகன் நடத்திய ஆய்வில், ஏறத்தாழ 90 சதவீதம் பேர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்வதில்லை என்ற போக்கில் இருந்தார்கள். 1979இல் அதே கேள்விகளை வைத்து அமெரிக்காவில் நடந்த இன்னோர் ஆய்வில் 97 சதவீதம் பேர் சொல்லிவிடும் பக்கம் நின்றார்கள். பதினெட்டு ஆண்டுகளில் ஒரு நாட்டின் பண்பாடு தலைகீழாகிவிடவில்லை. சிகிச்சைகள் பெருகின, நோயாளியின் சம்மதம் சட்டப்படி கட்டாயமானது, புற்றுநோய் என்றாலே சாவு என்ற நிலை தளர்ந்தது. ஜப்பானில் மறைக்கும் வழக்கம் அதற்குப் பின்னும் நீடித்தது. 1989 ஜனவரி 7 அன்று பேரரசர் ஹிரோஹிட்டோ இறந்த பிறகே அவருக்கு இருந்தது புற்றுநோய் என்று அதிகாரப்பூர்வமாக அறிவித்தார்கள். அரியணையில் இருந்தவருக்கும் அவருடைய நோயின் பெயர் சொல்லப்படவில்லை.

பொய் நிலைக்கிறதா என்றால், அரிதாகத்தான். அடையாறில் 1954இல் தொடங்கிய மருத்துவமனையின் பெயரிலேயே நோய் இருக்கிறது. ஆட்டோக்காரரிடம் இடம் சொல்லும்போதே விஷயம் வெளிப்பட்டுவிடும். கீமோ ஏற்றியதும் முடி கொட்டுகிறது. ‘கரண்ட்’ எனப்படும் கதிர்வீச்சுச் சிகிச்சைக்காக வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து நாற்காலிக்காரர், “உங்களுக்கு எந்த எடத்துல?” என்று கேட்டுவிடுகிறார். பத்து வருடம் எட்டிப் பார்க்காத சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஒவ்வொருவராக வருகிறார்கள். நோயாளி வாய் திறப்பதில்லை. பிள்ளைகள் கலங்குவார்களே என்று தெரியாததுபோல் இருந்துவிடுகிறார். இரண்டு தரப்பும் ஒன்றை ஒன்று காப்பாற்றுவதாக நினைத்து நடிக்க, பேச வேண்டிய நாட்கள் கடந்துவிடுகின்றன. டால்ஸ்டாய் 1886இல் வெளியிட்ட ‘இவான் இலியிச்சின் மரணம்’ குறுநாவலில், சாகக் கிடப்பவனை வலிக்கு நிகராக வதைப்பது சுற்றியிருப்போரின் இந்த நடிப்புதான்.

நன்மையில் மாசு எங்கே என்பது இங்கே தெரிகிறது. எஞ்சிய காலம் ஆறு மாதம் என்று தெரிந்தவர் அதை வேறு மாதிரிச் செலவழிப்பார். பாகம் பிரிக்காத நிலத்துக்கு உயில் எழுதலாம், கைமாற்றாக வாங்கிய கடனை ஒப்புக்கொள்ளலாம், பேச்சுவார்த்தை அறுந்த தம்பியைக் கூப்பிட்டு அனுப்பலாம், இன்னொரு சுற்று கீமோ வேண்டாம் என்றும் சொல்லலாம். பொய் இந்த வாய்ப்புகளைப் பறித்துவிடுகிறது. அமெரிக்கத் தத்துவ அறிஞர் சிசெலா போக் பொய் பற்றி 1978இல் எழுதிய நூலில், பொய்யை அதைச் சொல்பவரின் பக்கமிருந்து பார்ப்பது போதாது, ஏமாற்றப்பட்டவரின் பக்கமிருந்தும் எடைபோட வேண்டும் என்றார். அப்பாவுக்கு வேண்டாம் என்று கெஞ்சும் மகனிடம், “உங்களுக்கே வந்தால்?” என்று கேட்டால், “எனக்குத் தெரிஞ்சாகணும்” என்ற பதில் வரக்கூடும். அப்படி வந்தால், யாருடைய பயத்துக்காக அந்தப் பொய் என்று அவரே யோசிக்க வேண்டியிருக்கும். அழுகையைப் பார்க்கத் திராணியில்லாமல் மறைப்பது மனித இயல்புதான். அதற்குத் தியாகம் என்று பெயர் சூட்டுவதுதான் இடிக்கிறது.

சட்டம் இரண்டு பக்கமும் சாய்கிறது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள், நோயின் கடுமையை மருத்துவர் கூட்டியும் குறைத்தும் சொல்லக் கூடாது என்கின்றன. ஆனால் செய்தி தெரிய வேண்டியவர்களாக நோயாளியோடு உறவினரையும் பொறுப்புள்ள நண்பரையும் சேர்த்தே குறிப்பிடுகின்றன. சமீரா கோலி வழக்கில் 2008இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமோ, சுயநினைவோடு இருக்கும் வயதுவந்த நோயாளிக்கு விவரம் சொல்லி, அவரிடமே சம்மதம் பெற வேண்டும் என்றது. அல்சர் என்று நம்பிக்கொண்டு போடும் கையெழுத்து அந்தச் சம்மதம் ஆகாது.

அதற்காக, கேட்காதவர் காதில் எல்லாவற்றையும் கொட்டிவிடுவது நேர்மை ஆகிவிடாது. தெரிந்துகொள்ளும் உரிமை உள்ளவருக்குத் தெரிந்துகொள்ளாமல் இருக்கும் உரிமையும் உண்டு. கெட்ட செய்தி சொல்வதற்கென மருத்துவர்கள் 2000இல் வகுத்த ஆறு படிநிலை முறையில், சொல்வதற்கு முன்பே இரண்டு படிகள் கேட்பதற்கு ஒதுக்கப்பட்டுள்ளன: இதுவரை என்ன தெரியும், இனி எவ்வளவு தெரிய வேண்டும். “ரிசல்ட் வந்ததும் உங்ககிட்ட பேசவா, பையன்கிட்ட பேசவா?” என்று பயாப்சிக்கு முன்பே கேட்டுவிட்டால் பாதிச் சிக்கல் எழாது. “எதுவா இருந்தாலும் அவன்கிட்டயே சொல்லுங்க, எனக்கு வேண்டாம்” என்று நோயாளி சொன்னால், அதன்பின் மகன் மட்டும் அறிவது வஞ்சனை அல்ல. நோயாளி தந்த பொறுப்பு. கேட்காமலே அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்வதுதான் பிழை. இன்று வேண்டாம் என்றவர் வலி கூடிய ஒரு நாளில், “எனக்கு நிஜமா என்ன?” என்று கேட்கக்கூடும். பழைய பதிலைக் காட்டி அப்போது அவரைத் தடுக்க மகனுக்கோ மருத்துவருக்கோ உரிமை இல்லை.