திறப்பது சலுகையா, உரிமையா?

மென்பொருளின் உயிர் மூலநிரல். அதை மறைத்தால் கண்ணமங்கலத்து மாணவன் கருவியை இயக்கலாம், கற்க இயலாது. வேதத்தை மறைத்தோர் வழியும் இதுவன்றோ!

படிக்கவும் திருத்தவும் பகிரவும் அனைவர்க்கும் உரிமை வேண்டுமென்று 1983இல் கிளம்பினார் ரிச்சர்டு ஸ்டால்மன். 1998இல் வேறு சிலர் ‘திறந்த மூலம்’ எனப் பெயர் சூட்டி, ஆதாயம் காட்டி வணிகரை அழைத்தனர். பெயர் எதுவானால் என்ன என்கின்றனர் மாநாட்டு மேடைகளில்!

தோழர்களே! 1924இல் வைக்கத்துத் தெருவில் நடக்க உரிமை கேட்டோர், நாங்கள் நடந்தால் கடைகள் செழிக்கும் என்றா வாதாடினர்?

ஆதாயத்துக்காகத் திறந்த கதவு, ஆதாயம் குறைந்தால் அடைபடும். பலர் உழைப்பில் வளர்ந்த டெராபார்ம் மென்பொருளுக்கு 2023இல் ஹாஷிகார்ப் நிறுவனம் கட்டுப்பாட்டு உரிமம் பூட்டியது. பழைய படிகளுக்கு அளித்த உரிமையை மட்டும் பறிக்க இயலவில்லை. அதைக் கொண்டே அவ்வாண்டிலேயே ‘ஓப்பன்டோபு’ பிறந்தது.