தெரியாமல் திருத்துவது பொய்யா?

நன்றாகத் திருத்திய பொருள் எது? திருத்திய இடம் தெரியாத பொருளே நன்றாகத் திருத்திய பொருள் என்று எந்தத் தச்சரும் சொல்வார். ஒட்டு எங்கே விழுந்ததென்று விரலால் தடவியும் கண்டுபிடிக்க முடியவில்லையென்றால், அதுவே அவருடைய கைத்திறனுக்குச் சாட்சி. ஆனால், வாசகர்களே, இதே அளவுகோலை மனிதருடைய பேச்சுக்கு வைத்துப் பாருங்கள். குறை தெரியாதபடி மூடி மெழுகிய பேச்சை நாம் பொய் என்கிறோம். கை செய்தால் திறமை, நாக்குச் செய்தால் குற்றம். இது எப்படிப் பொருந்தும்?

இக்கேள்வியைப் பொதுப்படப் பேசினால் காற்றோடு போய்விடும். ஆகவே ஒரு சிறு பொருளைக் கையில் எடுத்துக்கொள்வோம். பில்லியட்ஸ், ஸ்னூக்கர், பூல் ஆகிய மேசை ஆட்டங்களில் பந்தை அடிக்கும் மரக்கோலைக் 'கியூ' என்பார்கள். அந்தக் கோலைப் புதிதாகச் செய்வதையும், பழையதைச் சீர்படுத்துவதையும் பொழுதுபோக்காகக் கற்றுக்கொள்பவர்கள் அமெரிக்காவில் நிறையப்பேர் உண்டு. பகலில் வேறு தொழில். மாலையில் வீட்டின் ஒரு மூலையில் சிறியதொரு கடைசல் இயந்திரம், மரத்தூள், பசை மணம். சூதாட்ட மண்டபத்துத் தடியைப் பற்றிக் குடும்பங்கள் வாசிக்கும் பத்திரிகையில் என்ன பேச்சு என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். இலங்கைக்கு முதலாவது உலகச் சம்பியன் கிடைத்தது இந்த மேசையில்தான் என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம். 1973இல் பம்பாயில் நடந்த உலக அமெச்சூர் பில்லியட்ஸ் போட்டியில் நம் நாட்டு எம். ஜே. எம். லாபீர் வென்றார். கோலில் குற்றமில்லை, பிடிக்கும் கையைப் பொறுத்தது.

பூல் ஆட்டத்துக்கான கோல் ஏறத்தாழ 58 அங்குல நீளமானது. நிறை பெரும்பாலும் 18 முதல் 21 அவுன்ஸ்வரை. நடுவில் திருகிப் பூட்டும் இரு துண்டுகளாகச் செய்வார்கள். முன்துண்டு வட அமெரிக்காவில் வளரும் கடின மேப்பிள் மரம். நுனியில் அதன் விட்டம் 12 அல்லது 13 மில்லிமீற்றர்தான். நுனியைக் காக்க ஒரு பூண், பூணின்மேல் பந்தைத் தொடும் தோல். பின்துண்டுதான் அழகெல்லாம். கருங்காலி, றோஸ்வுட் போன்ற பாரமான மரங்களை மேப்பிளுக்குள் ஈட்டிமுனைபோல் நான்கு பக்கமும் பாய்ச்சி இணைப்பார்கள். கைபிடிக்கும் இடத்தில் மெல்லிய லினன் நூலை நெருக்கமாகச் சுற்றுவார்கள். கடைசி முனையில் ஒரு றப்பர்க் கட்டை.

கற்பவர்கள் முதலிற் கற்க வேண்டியது உளிப்பிடியை அல்ல, காத்திருத்தலை. மேப்பிள் சட்டத்தை ஒரே நாளில் கடைந்து மெல்லிய கோலாக்க முடியாது. மரத்தின் உள்ளே இறுக்கங்கள் உண்டு. மேற்பகுதியை நீக்கியதும் அவை தளர்ந்து, மரம் தான் விரும்பிய பக்கம் வளையும். ஆகவே கொஞ்சம் கடைவார்கள், தொங்கவிடுவார்கள், வாரங்களோ மாதங்களோ விட்டு மறுபடி கொஞ்சம் கடைவார்கள். இடையில் வளைந்துவிட்டதை ஒதுக்கிவிடுவார்கள். கூலிக்குச் செய்பவனுக்கு இந்தத் தாமதம் நட்டம். பொழுதுபோக்காகச் செய்பவனுக்கு அவசரமில்லை. அவனை விரட்ட முதலாளியும் இல்லை, அவன் வேலையைச் சோதிக்க மேற்பார்வையாளரும் இல்லை. சோதிப்பதற்கு இருப்பது அவனுடைய மனச்சாட்சி ஒன்றுதான். நமது கேள்விக்கு இவனைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணமும் அதுவே.

இத்தொழிலில் மிகப் பெரிய பெயர் ஜோர்ஜ் பலபுஷ்கா. 1912இல் ரஷ்யாவில் பிறந்து, 1924இல் அமெரிக்காவுக்கு வந்து, தச்சு வேலையும் விளையாட்டுப் பொருள் செய்யும் வேலையும் பார்த்தவர். 1959இல் ஒரு பங்காளியோடு சேர்ந்து பூல் மண்டபமொன்றை வாங்கினார். அந்த ஆண்டு நண்பர்களுக்கு நத்தார்ப் பரிசாகக் கொடுப்பதற்கென்று சில கோல்கள் செய்தார். பரிசாகத் தொடங்கியது தொழிலாயிற்று. 1975இல் அவர் இறந்த பின்னர் அவர் செய்த கோல்களுக்கு ஆயிரக்கணக்கான டொலர் விலை வந்தது. விலை வந்தவுடன் போலிகளும் வந்தன. இன்று ஒரு கோலைக் காட்டி 'இது பலபுஷ்கா' என்றால், அறிந்தவர்கள் முதலிற் சந்தேகப்படுவார்கள்.

இன்னொரு செய்தி. பலபுஷ்கா தம் கோல்களின் பின்துண்டு இணைப்புகளில் பலவற்றைத் தாமே செய்யவில்லை. பேர்ட்டன் ஸ்பெயின், கஸ் சம்போட்டி போன்ற பிறர் இணைத்துக் கொடுத்த மரங்களை வாங்கி, அவற்றைக் கடைந்து முடித்தார். அதனால் அவை அவருடைய கோல்கள் அல்ல என்று யாரும் சொல்வதில்லை. அவரும் அதை ஒளித்ததாகத் தெரியவில்லை. ஒரு பொருளில் பல கைகள் படுவது குற்றமன்று என்பதை இங்கேயே குறித்துக்கொள்வோம். பலகை பலகையாக மாற்றப்பட்ட தீசியஸின் கப்பல் பழைய கப்பல்தானா என்று கிரேக்க மெய்யியலாளர் வாதாடியதைப் புளூட்டாக் எழுதியிருக்கிறார். குருமடங்களில் அந்த வாதத்தை மணிக்கணக்காக நடத்துவார்கள். ஆனால் நடைமுறையில் மனிதரை உறுத்துவது கப்பல் அதுவா இதுவா என்பதல்ல; மாற்றிய பலகைகளை விற்பவர் சொன்னாரா இல்லையா என்பதே.

இனிப் பழைய கோலைத் திருத்தும் வேலைக்கு வருவோம். எல்லாத் திருத்தமும் ஒரே தன்மையானதல்ல. முன்துண்டில் ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது என்று வையுங்கள். அதன்மேல் ஈரத்துணியை வைத்துச் சூடு காட்டினால், நசுங்கிய நார்கள் நீரை உறிஞ்சி உப்பிப் பள்ளம் மேலெழும். இதில் புதிதாக எதுவும் சேரவில்லை, பழையதில் அதிகம் குறையவுமில்லை. மரம் தன் பழைய நிலைக்குத் திரும்புகிறது.

அடுத்தது நீலச் சோக்குக் கறை. கற்றுக்குட்டிகள் உடனே மணற்கடதாசியை எடுப்பார்கள். ஐந்து நிமிடத்தில் மரம் வெண்ணெய்போல் வெளுக்கும், பார்க்க மகிழ்ச்சியாயிருக்கும். ஆனால் போனது கறை மட்டுமல்ல, மரமும் போயிற்று. 13 மில்லிமீற்றர் நுனி, சில தடவை இப்படி 'சுத்தம்' செய்தபின் 12½ ஆகும். ஆட்டக்காரனின் கை அந்த வேறுபாட்டை அறியும். தேய்த்த மரத்தை எந்தக் கலைஞராலும் திரும்ப ஒட்ட முடியாது.

மூன்றாவது வளைவு. இதுதான் நாம் தேடிவந்த இடம். வளைந்த முன்துண்டைச் சூடு காட்டியும், நீராவியிற் பிடித்தும், கையால் அழுத்தியும் நேராக்குபவர்கள் இருக்கிறார்கள். மேசையில் உருட்டிப் பார்த்தால் சற்றும் துள்ளாமல் ஓடும். அன்றைக்கு அது நேர்தான். ஆனால் மரத்துக்கு ஞாபகம் உண்டு. காற்றின் ஈரம் மாறும்போது பழைய வளைவு மெல்லத் திரும்புவது சாதாரணம். திருத்தியவனுக்கு இது தெரியும். வாங்குபவனுக்குத் தெரியாது. அவன் மேசையில் உருட்டிப் பார்த்துத் திருப்தியோடு பணத்தை எண்ணுகிறான்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவினாஸ் தமது பெரிய இறையியல் தொகுப்பில், இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பிரிவிலே 77ஆம் வினாவை விற்றல் வாங்கலில் நடக்கும் மோசடிக்கு ஒதுக்கியிருக்கிறார். விற்பவன் பொருளின் குறையைச் சொல்லக் கடமைப்பட்டவனா என்று கேட்டு, அவர் குறைகளை இரண்டாகப் பிரிக்கிறார். குதிரைக்கு ஒரு கண் இல்லை. அதைப் பார்ப்பவர் எவருக்கும் தெரியும். விலையை அதற்கேற்பக் குறைத்துக்கொண்டால் விற்பவன் வாய்திறந்து சொல்லவேண்டிய கடமையில்லை. ஆனால் குறை மறைந்திருந்து, வாங்குபவனுக்கு நட்டமோ ஆபத்தோ தரக்கூடியதாயிருந்தால், சொல்லியே ஆகவேண்டும். நொண்டிக் குதிரையை வேகக் குதிரையென்றும், விழப்போகும் வீட்டை உறுதியான வீடென்றும் விற்பதை அவர் உதாரணமாகத் தருகிறார். அறியாமல் விற்றவனையும் அவர் முழுக்க விட்டுவிடவில்லை. அவனுக்குப் பாவமில்லை, ஆனால் குறையை அறிந்துகொண்டபின் ஈடுசெய்யக் கடமை உண்டு.

நேராக்கிய கோல் எந்த வகை? ஒற்றைக்கண் குதிரையாயிருந்ததை இரண்டு கண்ணுள்ளதுபோல் ஆக்கியது திருத்தியவனுடைய கைதான். வளைவு வெளியே தெரிந்தவரையில் அவனுக்குப் பேசும் கடமை இருக்கவில்லை. அதைக் கண்ணுக்கு மறைத்த கணத்தில் கடமை பிறந்தது. திறமை எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவுக்குச் சொல்லவேண்டிய பொறுப்பும் ஏறுகிறது. அரைகுறையாக ஒட்டியவன் பேசாமலிருக்கலாம். அவனுடைய ஒட்டே பேசிவிடும். 'அவர் கேட்கவில்லை, நான் பொய் சொல்லவில்லை' என்ற சாட்டு இங்கே நிற்காது. கேட்பதற்கு அவருக்கு இருந்த ஒரே காரணத்தை நீங்களே அழித்துவிட்டீர்கள்.

இவ்விடத்தில் ஒரு பக்கக் குறிப்பு. ஆங்கிலத்தில் 'சின்சியர்' என்ற சொல், இலத்தீனில் 'மெழுகு இல்லாமல்' என்று பொருள்படும் இரு சொற்களிலிருந்து வந்ததென்றும், சிற்பிகள் சலவைக்கல் வெடிப்புகளை மெழுகால் அடைத்து விற்றதனால் அப்பெயர் எழுந்ததென்றும் மறையுரைகளிலே சொல்வதுண்டு. கதை அழகானதுதான். சொல்லாராய்ச்சியாளர் அதை ஏற்பதில்லை. உண்மையைப் பற்றிப் பேசுவதற்குப் பொய்யான சொற்பிறப்பை உதவிக்கு அழைப்பது நன்றாயில்லை.

விற்பனையில் வழி தெளிவு. பரிசில்? பொழுதுபோக்குக்காரர் பெரும்பாலும் விற்பதில்லை. மருமகனுக்குக் கொடுப்பார், நண்பனுக்குக் கொடுப்பார். விலை இல்லாத இடத்தில் விலைநீதியும் இல்லை. இனாமாகக் கொடுத்ததற்கும் குறைப்பட்டியல் வாசிக்கவேண்டுமா என்று கேட்பீர்கள். அன்று வேண்டியதில்லை என்றே தோன்றும். ஆனால் மரம் மனிதரைவிட அதிக காலம் வாழ்கிறது. மருமகன் பத்து வருடங்களின் பின் பணமுடையில் அதை விற்பான், உண்மையான நல்லெண்ணத்தோடு. வாங்கியவன் ஏமாறுவான். ஏமாற்றியவன் யார்? மருமகன் அறியான். மாமா கொடுத்தது பரிசு. ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் ஒருவன் ஏமாற்றப்பட்டிருக்கிறான்.

அதனால்தான் வாய்ச்சொல் போதாது என்று நான் வாதாடுவேன். பின்முனையின் றப்பர்க் கட்டையைக் கழற்றினால் உள்ளே ஒரு சிறு துண்டுக் கடதாசிக்கு இடமிருக்கும். 'முன்துண்டு வளைந்திருந்தது, நேராக்கப்பட்டது. பூண் புதிது' என்று எழுதி, ஆண்டையும் போட்டு வைத்தால் என்ன? கோலின் அழகு கெடாது. வெளிக்கண்ணுக்குத் திருத்தம் தெரியாது, தேடுபவனுக்குத் தெரியும். கையின் மறைப்பும் நாக்கின் உண்மையும் ஒரே கோலில் சண்டையில்லாமல் இருக்கலாம்.

இதற்கு நேர் எதிரான ஒரு கோலும் உண்டு. மண்டபங்களில் எல்லோருக்கும் பொதுவாக வைக்கப்படும் சாதாரண ஒற்றைத் துண்டுக் கோலை எடுத்து, நடுவில் வெட்டி, கண்ணுக்குப் படாதபடி பூட்டு வைத்து, தரமான கோலாக மாற்றுவார்கள். வெளியே பார்த்தால் பொதுக் கோல்தான். அதற்கு 'ஸ்னீக்கி பீட்' என்று பெயர். பந்தயம் வைத்து ஆடும் கெட்டிக்காரன் தன் திறமையை மறைத்து, புதியவனை ஏமாற்ற உதவியது இதுவென்பார்கள். பொழுதுபோக்காகக் கற்பவர்கள் பலர் முதலிற் செய்துபார்ப்பது இதைத்தான். மரம் மலிவு, பாடம் பெரிது. செய்வதில் தவறு காணமாட்டேன். மறைவான பூட்டை நண்பனுக்குக் கழற்றிக் காட்டி இருவரும் சிரித்தால் அது விளையாட்டு. காட்டாமல் அவனுடைய பணத்தை மேசையில் வைக்கச் சொன்னால் திருட்டு. மரத்தில் இரண்டுக்கும் இம்மியும் வித்தியாசமில்லை.

1986இல் வெளிவந்த 'தி கலர் ஒஃப் மணி' என்ற படத்தில் பலபுஷ்கா என்று காட்டப்படும் கோல் உண்மையில் ஜொஸ் என்ற வேறொரு அமெரிக்க நிறுவனம் செய்தது. பலபுஷ்கா கோலைப்போல் தோன்றுவதைத் தேர்ந்தார்கள். அதனால் எவரும் ஏமாற்றப்படவில்லை. திரையில் நடிகர் அரசனாவதுபோல் கோலும் நடித்தது. அதே கோலை அடுத்த தெருவில் பலபுஷ்கா என்று சொல்லி விற்றால் கதை வேறு.

பழைய கோல்களில் யானைத் தந்தப் பூண்கள் உண்டு. 1989இல் தந்தத்தின் பன்னாட்டு வர்த்தகத்தைத் தடைசெய்ய நாடுகள் உடன்பட்டன. உடைந்த பூணுக்குப் பதிலாக 'அதே பொருள்' வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒரு நுனித்துண்டுக்காக யானையின் உயிரை இழுக்கவேண்டியதில்லை. செயற்கைப் பூணை வைத்து, செயற்கை என்று எழுதிவிட்டால் முடிந்தது. நம் காட்டுக் கருங்காலிக்கும் இதே நியாயம்தான். புதிதாக ஒரு மரம் விழாமலே பழைய தளபாடங்களின் உடைந்த கால்களில் வேண்டிய அளவு கிடைக்கும்.

இவ்வளவும் குறையை மறைப்பது பற்றி. குறையென்று நாம் எண்ணுவது குறைதானா என்பது இன்னொன்று. இறந்த தகப்பனுடைய கோலை ஒரு மகன் திருத்தக் கொண்டுவருகிறான் என்று வையுங்கள். லினன் சுற்றுக் கறுத்து, எண்ணெய்ப்பற்றிப் பளபளக்கிறது. பெருவிரல் வைத்த இடம் குழிந்திருக்கிறது. புதிய நூல் சுற்றுவது அரைநாள் வேலை. சுற்றியபின் கோல் கடையில் வாங்கியதுபோலிருக்கும். அந்தக் கறுப்பு முப்பது வருடத்து உள்ளங்கை வியர்வை. வெட்டியெறிந்த நூலைப் பின்னர் குப்பையில் தேடி எடுத்தாலும் அந்தக் குழி வராது. கத்தியை வைப்பதற்கு முன், நூலை மாற்றவா, அப்படியே விடவா என்று அந்த மகனைக் கேட்கவேண்டும். அவன் மாற்றச் சொன்னால், பழைய நூலை ஒரு கடதாசி உறையில் போட்டுக் கோலோடு கொடுத்துவிடுங்கள்.